கல்லூரிக் கணக்குக்கு இரண்டு படி சரிபார்ப்பு: மலை மேலே சிக்னல் கிடைக்காத வீட்டுக்கு எது சரிப்படும்?

கேள்வி இதுதான். தங்கை சேலத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறார். வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். இந்த செமஸ்டரிலிருந்து கல்லூரி மெயிலில் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பும் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். அட்மிஷனில் அப்பாவின் நம்பரைக் கொடுத்ததால் ஓடிபி அப்பாவுக்குப் போகிறது. லீவில் வீட்டுக்கு வந்தால் எஸ்எம்எஸ் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. அடுத்த மாதம் தங்கையின் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதிது வாங்கப் போகிறார்கள். எதைப் பதிவு செய்வது, போன் மாற்றும்போது என்ன பார்க்க வேண்டும், தொலைந்தால் என்ன கதி, பேசாமல் இதை ஆஃப் பண்ணிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. முடியாது. கல்லூரி நிர்வாகம் கட்டாயம் என்று வைத்துவிட்டால் மாணவர் பக்கத்தில் அதை நிறுத்த வழியே இருக்காது. முடிந்தாலும் நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். சேலத்தில் கல்லூரிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். பாஸ்வேர்டு வெளியே போவது என்பது எங்கோ யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இங்கே லாகின் செய்யுங்கள் என்று ஒரு மெயில் வரும், பக்கம் அச்சு அசலாகக் கல்லூரிப் பக்கம் மாதிரியே இருக்கும், அவசரத்தில் பாஸ்வேர்டை அடித்துவிடுவார்கள், அடுத்த பத்து நிமிடத்தில் அதே கணக்கிலிருந்து வகுப்பில் உள்ள எல்லோருக்கும் அதே மெயில் போகும். அசைன்மென்ட், புராஜெக்ட் ஃபைல், பீஸ் ரசீது, நாளைக்கு வரப்போகிற பிளேஸ்மென்ட் மெயில் எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கின்றன. இரண்டாவது படி இருந்தால் பாஸ்வேர்டு போனாலும் உள்ளே வருவது மிகவும் கடினமாகிவிடும்.

சரி, உங்கள் வீட்டு நிலைமைக்கு வருவோம். நம் ஊரில் இரண்டாவது சரிபார்ப்பு என்றாலே எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆன்லைனில் கார்டு போட்டு வாங்கினால் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கியது, அன்றிலிருந்து நாம் பார்த்துப் பழகியது அதைத்தான். ஆனால் கல்லூரிக் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஒரு வழி மட்டுமே, இருப்பதில் பலவீனமான வழியும் அதுதான். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒண்டிக்கடை வந்து, அங்கிருந்து நாகலூர் போகிற வீட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

உங்களுக்கு வேண்டியது அத்தென்டிகேட்டர் ஆப். இதற்கு சிக்னல் வேண்டாம், டேட்டா வேண்டாம், சிம்மே வேண்டாம். இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை, அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன். பதிவு செய்யும்போது திரையில் ஒரு கியூஆர் கோடு வரும் இல்லையா, அதற்குள் ஒரு ரகசிய எழுத்துத் தொடர் இருக்கிறது. போன் அதை ஸ்கேன் செய்ததும் ஒரே ரகசியம் சர்வரிலும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. அப்புறம் இரண்டும் தனித்தனியாக அந்த ரகசியத்தையும் அந்த நேரத்தையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகின்றன. 30 வினாடிக்கு ஒருமுறை புது விடை, அதிலிருந்து எடுத்த 6 இலக்கம்தான் நீங்கள் பார்க்கிற கோடு. இரண்டு பேர் ஒரே வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருந்தால், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள், அப்படித்தான் இது. போனுக்கு எதுவும் வர வேண்டியதில்லை, போன் தானே கணக்குப் போடுகிறது. ஆகவே லாகின் செய்கிற லேப்டாப்புக்கு ஏதோ ஒரு வழியில் இன்டர்நெட் இருந்தால் போதும், போன் ஏரோபிளேன் மோடில் இருந்தாலும் கோடு சரியாக இருக்கும்.

இந்தக் கணக்குமுறை 2011ல் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது, ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. அதனால் கூகுள் அத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் அத்தென்டிகேட்டர், ஏஜிஸ், ஃப்ரீஓடிபி என்று எதைப் போட்டாலும் அதே 6 இலக்கம்தான் வரும். பிளே ஸ்டோரில் இதே மாதிரிப் பெயரில் விளம்பரமும் மாதச் சந்தாவுமாக நிறைய ஆப் இருக்கின்றன, அவற்றின் பக்கம் போக வேண்டாம். நான் சொன்ன நான்கும் இலவசம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. போனில் நேரம் சரியாக இருக்க வேண்டும். கணக்கில் நேரமும் சேர்வதால், போன் கடிகாரம் இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே இருந்தால் கோடு தப்பு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சுமார் அரை நிமிட வித்தியாசத்தை சர்வர் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் சிக்கல். செட்டிங்ஸில் தேதி-நேரம் பகுதிக்குப் போய் தானாக நேரம் எடுத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். கேம் விளையாட நேரத்தைக் கையால் மாற்றி வைத்துவிட்டு மறந்துபோன போன்களில் இந்தப் பிரச்சனையை அடிக்கடி பார்க்கிறேன். "கோடு வேலை செய்யவில்லை சார்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பதே போன் கடிகாரத்தைத்தான்.

ஆப்பிலேயே இன்னொரு வகை இருக்கிறது, கோடு அடிக்காமல் "நீங்கள்தானா?" என்று போனில் கேட்கும், ஆமாம் என்று தட்டினால் போதும். வசதிதான், ஆனால் இதற்குப் போனில் டேட்டா வேண்டும், அதனால் ஹாஸ்டலில் சரி, வீட்டில் நம்ப முடியாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. பாஸ்வேர்டு தெரிந்த ஒருவன் ராத்திரி முழுக்க லாகின் அழுத்திக்கொண்டே இருப்பான், போன் அடித்துக்கொண்டே இருக்கும், தொல்லை தாங்காமல் ஒருமுறை ஆமாம் என்று தட்டிவிட்டால் கதை முடிந்தது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் புகுந்தது இப்படித்தான், ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவர் கடைசியில் அனுமதி கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து, லாகின் திரையில் காட்டுகிற எண்ணைப் போனில் அடித்தால்தான் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றிவிட்டது. தங்கையிடம் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். தான் லாகின் செய்யாத நேரத்தில் இப்படி ஒன்று வந்தால் மறுத்துவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஏனென்றால் அது வருகிறது என்றாலே பாஸ்வேர்டு ஏற்கெனவே யார் கையிலோ இருக்கிறது.

இப்போது அப்பாவின் நம்பர். அதை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், பெற்றோருக்கு இதில் வருத்தம் வரலாம், ஆனாலும் எடுத்துவிடுங்கள். காப்பித் தோட்டத்தில் நிற்கிற அப்பாவுக்கு ஒரு போன் வரும், "கல்லூரி ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பொண்ணு கணக்கைச் சரிபார்க்கிறோம், இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்க" என்பார்கள், பிள்ளை படிப்பு விஷயம் என்று அவர் நல்லெண்ணத்தில் சொல்லிவிடுவார். லாகின் செய்வது ஒருவர், ஓடிபி வருவது இன்னொருவருக்கு என்று இருந்தால் இந்த ஓட்டை அடைபடவே அடைபடாது. கோடு எப்போதும் லாகின் செய்கிறவர் கைக்கே வர வேண்டும்.

எடுப்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அப்பா நம்பர் மூன்று இடத்தில் இருக்கக்கூடும். கல்லூரி ஆபீஸ் பதிவேட்டில் ஒன்று, கணக்கில் பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கான நம்பராக ஒன்று, இரண்டு படி சரிபார்ப்புக்கான நம்பராக ஒன்று. ஆபீஸில் எழுதிக்கொடுத்து மாற்றினால் கணக்கிலும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் மாறாது. ஆபீஸ் பதிவேட்டில் பெற்றோர் நம்பர் இருக்கட்டும், அது வேறு காரியத்துக்கு. கணக்கில் உள்ள இரண்டையும் தங்கையே உள்ளே போய் மாற்ற வேண்டும். கூகுள் கணக்காக இருந்தால் கணக்கு நிர்வாகப் பக்கத்தில் செக்யூரிட்டி என்ற பகுதி, மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் செக்யூரிட்டி இன்ஃபோ என்ற பக்கம். அந்தப் பக்கத்தில் எந்தெந்த போன், எந்தெந்த ஆப், எந்த நம்பர் என்று பட்டியலாக இருக்கும். அந்தப் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் சாவி. ஆப்பை போனிலிருந்து அழித்தால் பட்டியலிலிருந்து போகாது, பட்டியலில் நீக்கினால்தான் நீங்கும்.

எஸ்எம்எஸ்ஸை இவ்வளவு தள்ளி வைப்பதற்கு சிக்னல் மட்டும் காரணம் இல்லை. சிம் தொலைந்து டூப்ளிகேட் சிம் வாங்கினால் 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்எம்எஸ் வராது, மோசடியைத் தடுக்க 2022 இறுதியில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த கட்டுப்பாடு அது. நல்ல கட்டுப்பாடுதான், ஆனால் அன்று இரவு 11.59க்கு அசைன்மென்ட் கடைசி என்றால் எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பியிருந்தவர் மாட்டிக்கொள்வார். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் துண்டிக்கப்பட்டால் 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் போய்விடலாம், அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும். இரண்டாம் ஆண்டில் ஒரு சிம், மூன்றாம் ஆண்டில் நல்ல ஆஃபர் என்று வேறு சிம் என்று மாற்றுகிற மாணவர்களுக்கு இது நிஜமான பிரச்சனை.

அடுத்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் போனைப் பதிவு செய்கிற அன்றைக்கே, அதே உட்காரலில், இரண்டாவது வழியையும் பதிவு செய்துவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வரும்போது போன் கையில் இருக்காது. கணக்குக்குள் இருக்கும்போது புது வழி சேர்ப்பது ரெண்டு நிமிட வேலை, வெளியே நின்றுகொண்டு சேர்க்கவே முடியாது, ஏனென்றால் சேர்க்க உள்ளே போக வேண்டும், உள்ளே போக அந்தத் தொலைந்த போன் வேண்டும். என்னிடம் கலங்கிப்போய் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். போன் தண்ணீரில் விழுந்தது, பஸ்ஸில் விட்டுவிட்டது, டிஸ்ப்ளே போனது, காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான்.

இரண்டாவது வழியாக உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது அம்மாவின் ஸ்மார்ட்போன், அல்லது உங்கள் போன். கியூஆர் கோடு திரையில் இருக்கும்போது தங்கை போனில் ஸ்கேன் செய்துவிட்டு, திரையை மூடாமல் அதே கோடை இன்னொரு போனிலும் ஸ்கேன் செய்யுங்கள். ரகசியம் ஒன்றே என்பதால் இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் ஒரே 6 இலக்கம் ஓடும். ஒரு போனில் வருவதை அடித்து உறுதி செய்தால் இரண்டுமே செல்லும். கூகுள் கணக்கில் இந்த முறைதான் சரி, ஏனென்றால் அங்கே பிறகு இன்னொரு தடவை அத்தென்டிகேட்டர் அமைக்கப் போனால் புதியது வந்து பழையது செல்லாமல் போய்விடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அப்படி இல்லை, ஆப்பும் டோக்கனுமாக (கோடு காட்டுகிற தனிச் சின்னக் கருவி) சேர்த்து ஐந்து வரை தனித்தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணமாக அது காட்டும் கியூஆர் அதன் சொந்த ஆப்புக்கானது, ஒரு போனுக்கு மட்டும்தான் ஆகும். வேறு அத்தென்டிகேட்டர் ஆப் பயன்படுத்த விரும்புகிறேன் என்று ஒரு சின்ன இணைப்பு அந்தத் திரையிலேயே இருக்கும், அதைத் தட்டினால் நான் சொன்ன பொதுவான கியூஆர் கிடைக்கும்.

இப்படிச் செய்துவிட்டால் ஹாஸ்டலில் போன் தொலைந்த அன்று, தங்கை தோழி போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டுக்கொள்ளலாம். 30 வினாடிதான் என்பதால், பாதி ஓடிவிட்ட எண்ணைப் படிக்காமல் புது எண் வந்ததும் படிக்கச் சொல்லுங்கள், அடித்து முடிக்க நேரம் போதும். அம்மா யாருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பொண்ணே கூப்பிட்டுக் கேட்டால் மட்டும். கல்லூரி என்றோ மேடம் என்றோ யார் கேட்டாலும் கிடையாது. நாங்கள், அதாவது கணக்கைப் பார்த்துக்கொள்பவர்கள், ஒருநாளும் அந்த எண்ணைக் கேட்க மாட்டோம், எங்களுக்கு அது தேவையே இல்லை.

அந்த கியூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்துக்கொள்வது வேண்டவே வேண்டாம். அது படம் இல்லை, ரகசியமே அதுதான். கேலரி போட்டோ எல்லாம் தானாக இன்டர்நெட்டுக்கு ஏறுகிற காலம் இது. ஒரு வகுப்பில் சந்தேகம் கேட்பதற்காக அந்த ஸ்க்ரீன்ஷாட்டையே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள், குரூப்பில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பிள்ளையின் கோடு வரும் நிலைமை. அப்படி ஏதாவது ஏற்கெனவே நடந்திருந்தால் பயப்பட வேண்டாம், அத்தென்டிகேட்டரை நீக்கிவிட்டுப் புதிதாக அமைத்தால் புது ரகசியம் வந்துவிடும், பழையது குப்பை.

மூன்றாவதாக ஒன்று, செலவே இல்லாதது, ஆனால் பாதிப் பேர் தொடுவதே இல்லை. பேக்கப் கோடு. கூகுள் கணக்கில் 10 கோடு கொடுக்கும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தீர்ந்தால் மறுபடி 10 எடுக்கலாம், எடுத்ததும் மிச்சம் இருந்த பழையவை செல்லாது. இதைப் பேப்பரில் பிரின்ட் எடுங்கள். வெளியே ஜெராக்ஸ் கடையில் எடுப்பதைவிட, கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது, பத்து எண்தானே. ஒரு தாளை ஹாஸ்டல் பெட்டியில் மார்க் ஷீட்டோடு வையுங்கள், அதன் நகல் ஒன்று வீட்டு பீரோவில் இருக்கட்டும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். தாளில் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதாதீர்கள், வெறும் எண்கள் மட்டும். இந்தக் கோடுகளை அதே கல்லூரிக் கணக்கின் டிரைவில் சேமித்து வைக்கிறவர்கள் உண்டு. பூட்டுக்குள்ளேயே சாவி, எடுக்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட் கல்லூரிக் கணக்கில் இந்த மாதிரிப் பத்துக் கோடு வசதி இல்லை, அங்கே இரண்டாவது போன் இன்னும் முக்கியமாகிறது.

பேக்கப் கோடு இன்னொரு இடத்திலும் கைகொடுக்கும், இதை யாரும் யோசிப்பதில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்பு நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது, சில ஹாஸ்டல்களில் வாங்கியே வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் லேப்பில் உட்கார்ந்து லாகின் செய்யச் சொல்வார்கள், கோடு போனில், போன் வார்டனிடம். கட்டாயம் என்று அறிவிக்கிறவர்களும் போனை வாங்கி வைக்கிறவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் சொல்லிவருகிறேன், இதில் மாணவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதுவரைக்கும் பர்ஸில் இரண்டு பேக்கப் கோடு எழுதிய ஒரு சின்னத் துண்டு வைத்திருப்பது நல்லது.

யுஎஸ்பி கீ பற்றியும் ஒரு வார்த்தை. பென்டிரைவ் மாதிரி இருக்கும், செருகி விரலால் தொட்டால் போதும். யூபிகீ, கூகுளின் டைட்டன் என்று பெயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பாதுகாப்பில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. காரணம் என்னவென்றால், 6 இலக்கக் கோடை ஏமாந்துபோய்ப் போலிப் பக்கத்திலும் அடித்துவிட முடியும், போலிப் பக்கம் அதை அடுத்த வினாடியே உண்மையான பக்கத்தில் அடித்து உள்ளே போய்விடும். ஆனால் இந்தக் கீ எந்த இணைய முகவரிக்குப் பதிவு செய்யப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற போலிப் பக்கத்திடம் வாயே திறக்காது. இப்போது போனிலேயே கிடைக்கிற பாஸ்கீ என்பதும் இதே அடிப்படைதான். இதற்கான பொதுத் தரம் 2019ல் வந்தது. நடைமுறையில் என்ன தடை என்றால், கீ சில ஆயிரம் ரூபாய் ஆகும், தொலைந்தால் என்ன என்று இரண்டு வாங்க வேண்டும், கல்லூரி லேப்பில் யுஎஸ்பி போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். போனில் உள்ள பாஸ்கீயை வைத்து லேப் கம்ப்யூட்டரில் நுழைய இரண்டிலும் புளூடூத் வேண்டும், பழைய டெஸ்க்டாப்பில் அது இருக்காது. தங்கையிடம் சொந்த லேப்டாப் இருந்தால், கல்லூரி அனுமதித்தால், அந்த லேப்டாப்பில் ஒரு பாஸ்கீ போட்டு வைக்கலாம், அதுவே கூடுதலான ஒரு வழியாகவும் ஆகிவிடும். கீயை மட்டும் நம்பி இரண்டாம் ஆண்டு மாணவியைச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எக்ஸ்சேஞ்ச் விஷயம். இதில் வரிசை முக்கியம். கடைக்குப் போய் புதுப் போனை வாங்கி, அங்கேயே பழையதை அழித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து ரோடு கடைகளில் தினமும் நடக்கிறது. கடைக்காரர் அவசரப்படுத்துவார், வரிசை நிற்கும். எக்ஸ்சேஞ்ச் ஒருநாள் தள்ளிக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், முடியாது என்றால் கடையிலேயே உட்கார்ந்து இதை முடித்துவிட்டுத்தான் பழைய போனைக் கையை விட்டு விட வேண்டும். கூகுள் அத்தென்டிகேட்டராக இருந்தால் பழைய போனில் கணக்குகளை மாற்றும் வசதி இருக்கிறது, அது ஒரு கியூஆர் காட்டும், புதுப் போனில் ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆப்பில் பேக்கப்பிலிருந்து மீட்டாலும் கல்லூரிக் கணக்கின் பெயர் மட்டும்தான் வரும், மறுபடி உள்ளே நுழைந்து உறுதி செய்தால்தான் வேலை செய்யும், அதற்குப் பழைய போன் கையில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப் ஐபோனில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றியபின் லேப்டாப்பில் இன்காக்னிட்டோ ஜன்னல் (பழைய லாகின் எதுவும் நினைவில் இல்லாத பிரவுசர் ஜன்னல்) திறந்து, புதுப் போனின் கோடை வைத்து உண்மையாகவே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். போனது உறுதியானதும் பட்டியலில் பழைய போனை நீக்குங்கள். கடைசியாகத்தான் ஃபேக்டரி ரீசெட், அதாவது பழைய போனை முழுதாக அழிப்பது.

கூகுள் அத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலிலிருந்து கோடுகளை ஒரு கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதி தருகிறது. அதற்கு முன்னால் போன் போனால் எல்லாம் போச்சு. இதை ஆன் செய்தால் போன் மாற்றுவது சுலபம், ஆனால் எந்தக் கணக்கில் சேமிக்கிறது என்று பாருங்கள். கல்லூரிக் கணக்கிலேயே சேமித்தால், அதில் நுழையக் கோடு வேண்டும், கோடு எடுக்க அதில் நுழைய வேண்டும். தங்கையின் சொந்த ஜிமெயிலில் சேமிக்கட்டும், அந்த ஜிமெயிலுக்கும் இரண்டு படி சரிபார்ப்பும் பேப்பரில் எழுதிய பேக்கப் கோடும் இருக்கட்டும்.

"இந்தக் கம்ப்யூட்டரில் மறுபடி கேட்காதே" என்று ஒரு டிக் பெட்டி வரும். சொந்த லேப்டாப்பில் தாராளமாகப் போடலாம், தினமும் கோடு அடிக்கிற தொல்லை குறையும். லேப்பிலும் பிரவுசிங் சென்டரிலும் தொடக் கூடாது. போட்டுவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருகிறவருக்கு இரண்டாவது படியே இல்லாமல் போகிறது.

இவ்வளவும் செய்து வைத்தும் போன் தொலைந்தால், சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் ஏறுகிற நெரிசலில் போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலை சிம்மை பிளாக் செய்வது. யார் போனிலிருந்தாவது கம்பெனி கஸ்டமர் கேருக்குப் பேசலாம். அடுத்து பேக்கப் கோடோ அம்மா போனின் கோடோ வைத்துக் கணக்கில் நுழைந்து, பட்டியலிலிருந்து அந்தப் போனை நீக்கி, எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, அத்தென்டிகேட்டரைப் புதிதாக அமைக்க வேண்டும். அம்மா போனிலும் புது கியூஆரை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும், அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது செய்துகொள்ளலாம், அதுவரை பேக்கப் கோடு இருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்து அந்த நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிவு செய்தால் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து அந்தப் போனையே எந்த நெட்வொர்க்கிலும் ஓடாமல் தடுத்துவிடுவார்கள், 2023லிருந்து இது நாடு முழுக்க இருக்கிறது. பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள்.

எந்த வழியும் இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டால் கல்லூரியின் சிஸ்டம் அட்மினிடம்தான் வர வேண்டும். கூகுள் என்றால் அட்மின் பக்கத்திலிருந்து உங்களுக்கு பேக்கப் கோடு எடுத்துத் தர முடியும், மைக்ரோசாஃப்ட் என்றால் கொஞ்ச நேரம் மட்டும் செல்லுகிற தற்காலிகப் பாஸ் ஒன்று தர முடியும், கல்லூரி அந்த வசதியை ஆன் செய்திருந்தால். தங்கை ஐடி கார்டோடு நேரில் போகட்டும். போனில் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது, குரலை வைத்து யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். சனி ஞாயிறில் ஆள் இருக்க மாட்டார்கள், தேர்வுப் படிவம் கட்டுகிற வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும், அதனால் இதை நம்பி இருக்காமல் மேலே சொன்னதை லீவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தங்கை நாளைக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு என்று போனாலும் இதே பட்டியல்தான், பெயர்தான் மாறும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டுயோ என்ற ஆப் வைத்திருக்கிறார்கள், 2018ல் சிஸ்கோ வாங்கிய கம்பெனி அது. சேலத்திலிருந்து போகிற பிள்ளைகள் இந்திய நம்பரில் பதிவு செய்துவிட்டு, அங்கே போய் சிம்மை மாற்றிவிட்டு முழிக்கிறார்கள். இங்கே இருக்கும்போதே ஆப்பையும் இன்னொரு சாதனத்தையும் சேர்த்துவிட்டு, அங்கே புது நம்பர் வாங்கியதும் அதைச் சேர்த்துப் பழையதை நீக்கினால் ஒரு சிக்கலும் இல்லை.

இந்த வாரக் கடைசியில் தங்கை வீட்டுக்கு வருகிறார் என்றால் அன்றைக்கே செய்யலாம், அம்மா போனும் பக்கத்தில் இருக்கும். பகலில் லேப்டாப்புக்கு ஓரளவு நெட் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், நாகலூரில் கிடைக்கவில்லை என்றால் இரண்டு போனையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடைப் பக்கம் வந்துவிடுங்கள். அப்பா நம்பருக்கு வருகிற ஓடிபி முதல் லாகினுக்கு ஒருமுறை தேவைப்படும், அதனால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். புது வழி இரண்டும் வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் அவர் நம்பரை நீக்க வேண்டும், முன்னாடி நீக்கிவிடாதீர்கள்.